மேஜரிடம் கொடுத்த பள்ளிக்கூடம்

ஃபோலா பிஸ்கட் தகரப்பெட்டியின் மூடியைத் திறந்தபோது மண்டபத்தில் யாரும் மூச்சு விடவில்லை. தேநீர்க் கொதிகலன் மட்டும் மூலையில் நின்று சீறிக்கொண்டிருந்தது. வெளியே மழை. நனைந்த கோட்டுகளின் வாசனையும் தரைக்குப் பூசிய மெழுகின் வாசனையும் சேர்ந்து, கோலியர்ஸ் வுட் தேவாலய மண்டபத்துக்கென்றே ஒரு மணம் உண்டு. இன்றைக்கும் எங்காவது அந்த மணம் வந்தால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

தகரப்பெட்டியின் மூடியில் ஒரு கோட்டையின் படம். நடுவில் என் கணவர் வெட்டிய ஓட்டை. அதை வெட்டப்போய் விரலையும் வெட்டிக்கொண்டு, இரண்டு நாள் முனகினார். அதுதான் எங்கள் வாக்குப்பெட்டி.

ஃபோலா தலையில் பெரிய மஞ்சள் துணியை மடித்துக் கட்டியிருந்தாள். நைஜீரியக்காரி. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அன்றைக்கு எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தேர்தல் அதிகாரி அவள்தான். முதல் சீட்டை விரித்து, எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் ஆஸ்பத்திரி வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். படித்த வாசகர் ஒருவர், "அம்மா, லண்டன் குளிரையும் உங்கள் வீட்டுச் சமையலையும் எழுதுகிறீர்கள், அரசியல் எழுத மாட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறார். எழுதுகிறேன் ஐயா. படைக்காரர் எப்படி ஆட்சிக்கு வருகிறார்கள் என்பதை நான் இரண்டு இடத்தில் கண்ணால் பார்த்தவள். ஊரில் அவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். கோலியர்ஸ் வுட்டில் நாங்களே கையைப் பிடித்து அழைத்து வந்தோம்.

கதிரைச் சண்டை

தொண்ணூறுகளின் தொடக்கம். சனிக்கிழமை காலைகளில் அந்த மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தோம். எங்களுக்கு ஒரு யாப்பு, அதாவது சங்கச் சட்டதிட்டம், இருந்தது. ஊர்ப் பழைய மாணவர் சங்கத்து யாப்பைப் பார்த்து எழுதிய ஏழு பக்கம். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் கூட்டவேண்டும், தலைவரைத் தெரிவுசெய்யவேண்டும். நான் செயலாளர். தட்டெழுத்து தெரிந்த ஒரே ஆள் என்பதால் ஒவ்வொரு வருடமும் என்னையே போட்டார்கள்.

எங்கள் ஆட்கள் தலைவரைத் தெரிவுசெய்யும் முறையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் பெயரை முன்மொழிவார்கள். அவர் எழுந்து, "எனக்கு வேண்டாம், நேரமில்லை" என்பார். எல்லாரும் கெஞ்சுவார்கள். இரண்டாம் தரமும் வேண்டாம் என்பார். மூன்றாம் தரம் பெருமூச்சு விட்டு ஏற்றுக்கொள்வார். முதல் தரமே சரி என்று சொல்லி உட்கார்ந்த ஒருவரை வருடம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அந்த வருடம் வினை என்னவென்றால், இரண்டு பேர் நின்றார்கள், இரண்டு பேரும் மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லி முடித்திருந்தார்கள். ஒருவர் தபால் கந்தோர் நடத்தும் சிவம். மற்றவர் பெற்றோல் நிலையத்து நாதன். ஊரில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். கிரிக்கெட் போட்டியில் தொடங்கிய பகை அவர்களோடு விமானம் ஏறி வந்திருந்தது.

பேச்சு தடித்தது. யாரோ யாருடைய பள்ளிக்கூடத்தையோ மாட்டுக்கொட்டில் என்றார். ஒரு கதிரை பறந்தது; நாற்காலியை நாங்கள் கதிரை என்போம். நல்ல வேளை, காலில் ரப்பர் வைத்த கதிரை. பக்கத்து அறையிலிருந்த பாதிரியார் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அப்போதுதான் ஒரு குரல் எழுந்தது. "இவையள் ரெண்டு பேரும் வேண்டாம். ஒரு பொதுவான ஆளைப் போடுவம். மேஜரைக் கேப்பம்."

மண்டபம் குளிர்ந்துவிட்டது. சிவமும் தலையாட்டினார், நாதனும் தலையாட்டினார். மற்றவன் வராவிட்டால் யார் வந்தாலும் சரி என்ற நிலைக்கு இருவரும் வந்திருந்தார்கள்.

தீர்மானம் இப்படி: ஆறு மாதத்துக்கு யாப்பை ஒத்திவைத்து, பள்ளிக்கூடத்தின் முழுப் பொறுப்பையும் மேஜர் தில்லையம்பலம் அவர்களிடம் ஒப்படைப்பது. எல்லாக் கையும் உயர்ந்தது. என் கையும்தான். வீட்டுக்கு வந்து அந்தத் தீர்மானத்தை நானே தட்டெழுத்தில் அடித்தேன். பிழையில்லாமல் அடித்தேன் என்று ஒரு திருப்தி வேறு.

மூன்று கிழமை ஆண்ட ஊர்

மேஜர் கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

இலங்கைப் படையில் தமிழரும் அதிகாரிகளாக இருந்த காலத்து மனிதர். அந்தக் காலம் முடிகிறது என்று தெரிந்தவுடன் பதவியை விட்டு லண்டனுக்கு வந்துவிட்டார். நெடிய உருவம், நரைத்த மீசை, வீட்டுக்குள்ளும் கழுத்துப்பட்டி. பாலிஷ் போட்ட கால் சப்பாத்தில் முகம் பார்க்கலாம்.

வந்த முதல் சனிக்கிழமையே பத்து மணி வகுப்பு பத்து மணிக்குத் தொடங்கியது. லண்டன் தமிழர் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததாக நான் அறியேன். தரையில் வெள்ளைக்கட்டியால் கோடு கீறினார். பிள்ளைகள் அந்தக் கோட்டில் நின்றார்கள். விசில் ஊதினால் உள்ளே, இன்னொருமுறை ஊதினால் வெளியே. பிந்தி வந்த பெற்றோர் தேவாரம் முடியும்வரை வாசலில் நிற்கவேண்டும். ஒரு டாக்டர் மழையில் நின்றார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அந்த டாக்டர் எப்போதும் பிந்துபவர்.

"இப்பதான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு" என்றார்கள் எல்லாரும்.

இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. வாலிப வயதில், ஏதோ ஒரு கலவரத்தின்போது ஊரடங்குச் சட்டம் போட்டு, அவரை மூன்று வாரம் ஒரு சின்ன நகரத்துக்குப் பொறுப்பாக அனுப்பினார்களாம்.

"மூண்டு கிழமை ஒரு டவுனையே நான்தான் நடத்தினனான். கவுன்சிலும் நான்தான், வழக்குத் தீர்க்கிற கோடும் நான்தான். ஒரு சைக்கிள் களவு போகேல்ல. பேக்கரிப் பாண் சரியா ஆறு மணிக்கு வரும்" என்பார். சொல்லும்போது முகம் வாலிபமாகிவிடும்.

அந்த நகரத்துச் சனங்கள் அதை எப்படிச் சொல்வார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கவேண்டும்.

ஆறு மாதம் முடிந்தது. பொதுக்கூட்டம் எப்போது என்று கேட்டேன். "பிள்ளையளுக்குச் சோதினை வருது. அது முடியட்டும்" என்றார். நியாயமாகப் பட்டது. பரீட்சை முடிந்தது. "விளையாட்டுப் போட்டி முடியட்டும்." அதுவும் நியாயம். இரண்டு ஒத்திவைப்பு அறிவித்தலையும் அடித்துப் பெற்றோருக்குக் கொடுத்தது நான். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

வானொலியில் பாண்ட் வாத்தியம்

ஃபோலாவும் நானும் ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் குமாஸ்தா வேலை. மேசைக்கு மேசை எதிரே. அவள் ஊரில் ஆசிரியையாக இருந்தவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் இடியப்பத்தையும் அவளுடைய மிளகாய்ச் சோற்றையும் மாற்றிக்கொள்வோம். பேசியது ஆங்கிலத்தில்தான், ஆனால் என் நினைவில் அவள் தமிழில்தான் பேசுகிறாள்.

மேஜர் வந்த புதிதில் நான் அவளிடம் பெருமையடித்தேன். பத்து மணி என்றால் பத்து மணி, வரிசை என்றால் வரிசை என்றேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"என் சின்ன வயதில், காலையில் வானொலியைப் போட்டால் சில நாள் வழக்கமான பாட்டு வராது. பாண்ட் வாத்தியம் வரும். உடனே அம்மா எங்கள் பள்ளிச் சீருடையை வாங்கி மடித்து வைத்துவிடுவாள். ஆட்சி மாறிவிட்டது, இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று அர்த்தம்" என்றாள்.

"சனங்கள் பயப்பட மாட்டார்களா?"

"பயமா? முதல் கிழமை தெருவில் ஆடுவார்கள். நான் வேலைக்குப் போன பிறகு ஒருமுறை வந்தவர்கள், பஸ் நிறுத்தத்தில் சாட்டையோடு சிப்பாய்களை நிறுத்தி எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தார்கள். கந்தோருக்கு வேலைக்குப் பிந்தி வந்தவர்களைத் தவளை மாதிரிக் குதிக்க வைத்தார்கள். என் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வாழ்க்கையில் முதல் தடவை அவளுக்கு பஸ்ஸில் இருக்கக் கதிரை கிடைத்தது." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "கொஞ்ச நாளில் அதே சாட்டை பத்திரிகையில் எழுதினவர்களைத் தேடிப் போனது. அப்போது அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? நாங்கள்தானே கைதட்டினோம் என்றாள்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தையும் நாட்டையும் ஒன்றாக்குகிறாளே என்று நினைத்தேன். இடியப்பப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். கோபக்காரி என்று எனக்கு வீட்டில் பெயர், ஆஸ்பத்திரியிலும் அதே பெயர்தான்.

அந்த வருட நடுப்பகுதியில் அவளுடைய நாட்டில் பல வருடங்களுக்குப் பிறகு ஒரு தேர்தல் நடந்தது. அவளுடைய அண்ணன் வெயிலில் வரிசையில் நின்று வாக்களித்தார். எண்ணினார்கள். யார் வென்றார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு படைத் தலைவர்கள் அந்தத் தேர்தலே செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் ஃபோலா வேலைக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே நாள் முழுக்க மேசையில் இருந்தாள்.

கூடிய ஒரு வரி

இங்கே என் ஊர்க் கதையைச் சொல்லவேண்டும்.

கல்யாணமாகி லண்டனுக்கு வருமுன், எண்பதுகளின் முற்பாதியில், நான் ஊரில் மாவட்ட அலுவலகம் ஒன்றில் தட்டெழுத்தாளர். கச்சேரி என்போம். மாவட்டத்தின் தலைமை அதிகாரியை அரசாங்க அதிபர் என்போம். எங்கள் அதிபர் அமைச்சர் வந்தால் மட்டும் எழுந்து நிற்பவர். மற்ற யார் வந்தாலும் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் படை அதிகாரி ஒருவன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். என் தம்பி வயதுதான் இருக்கும். தொப்பியைக் கழற்றி அதிபரின் மேசையில், திறந்திருந்த கோப்பின் மேலே வைத்தான். நான் கடிதத்தோடு வாசலில் நின்றேன். அதிபர் எழுந்து நின்றார். அவருடைய கை அந்தக் கோப்பை இழுக்கப் போய், பாதியில் நின்றதைப் பார்த்தேன்.

அதன் பிறகு ஒரு சட்டமும் மாறவில்லை. கச்சேரியின் பெயர்ப்பலகை மாறவில்லை. நாங்கள் கொடுக்கும் அனுமதிக் கடிதங்களின் அடியில் ஒரு வரி மட்டும் கூடியது: "முகாம் பொறுப்பதிகாரியின் சம்மதத்துக்கு உட்பட்டது." கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டவும் அந்த வரி. கடலுக்குப் படகு இறக்கவும் அந்த வரி. ஒரு நாளைக்கு எத்தனை தரம் அடித்திருப்பேன் என்று தெரியாது. தூக்கத்தில் தட்டினாலும் என் விரல் அதைப் பிழையில்லாமல் தட்டும். அதிபர் தினமும் வந்தார், கையெழுத்துப் போட்டார், போனார். மாவட்டத்தை ஆண்டது அந்தக் கடைசி வரி.

டீச்சருக்கு ஒரு கடிதம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பை எடுத்தவர் பரமேஸ்வரி டீச்சர். மலேசியாக்காரர், ஈப்போவில் பிறந்தவர். லண்டனுக்குப் படிக்க வந்து, இங்கேயே வேலையில் அமர்ந்தவர். யாப்பு உயிரோடு இருந்த காலத்தில் செயற்குழுவுக்குத் தெரிவானவர். அவருடைய வகுப்பில் பிள்ளைகள் கைதட்டிப் பாடிக்கொண்டே உயிரெழுத்துப் படிக்கும். மேஜருக்கு அந்தச் சத்தம் ஆகாது. சத்தத்தைக் குறைக்கும்படி இரண்டு தரம் சொன்னார்.

"ஆமா, சத்தம் போட்டுத்தான் சொல்லிக் குடுக்கறேன். அஞ்சு வயசுப் பிள்ளைங்க வேற எப்படிப் படிக்கும்? வேணும்னா கமிட்டியைக் கூட்டுங்க, அங்க பேசலாம்" என்றார் டீச்சர்.

அவ்வளவுதான். அடுத்த கிழமை மேஜர் ஒரு துண்டுக் கடதாசியை என்னிடம் தந்தார். டீச்சர் இனி வரத் தேவையில்லை என்ற கடிதம். "இதை ஒருக்கா வடிவா அடிச்சுத் தாரும் பிள்ளை" என்றார்.

வீட்டில் தட்டெழுத்து இயந்திரத்தில் கடதாசியைச் செருகினேன். தேதி அடித்தேன். அன்புடையீர் அடித்தேன். டீச்சர் முறையீடு செய்ய விரும்பினால் செயற்குழுவுக்கு எழுதலாம் என்று நானாக ஒரு வசனம் சேர்த்தேன், அவ்வளவாவது செய்வோம் என்று. அதைத் தொடர்ந்து என் விரல்கள் தாங்களாகவே அடித்தன: "மேஜர் அவர்களின் சம்மதத்துக்கு உட்பட்டது."

யாரும் சொல்லவில்லை. மேஜர் எழுதித் தந்ததில் அந்த வரி இல்லை. நான்தான் அடித்தேன்.

கடதாசியை உருவிக் கிழித்தேன். இயந்திரத்தை உறை போட்டு மூடினேன். வெட்கமென்றால் அப்படி ஒரு வெட்கம்.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்துச் சமையலறையில் மேஜரைப் பிடித்தேன். கோப்பைகளைக் கழுவித் துடைத்து, பிடிகளெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேஜர், அந்தக் கடிதம் நான் அடிக்கேல்ல. அடிக்கவும் மாட்டன். பொதுக்கூட்டம் வைக்கவேணும்."

அவர் துணியை மடித்து வைத்தார். "பிள்ளை, யாப்பை ஒத்திவைச்சது ஆர்? நானோ? என்ரை கையில கொண்டு வந்து தந்தது நீங்கள்."

"ஓம். நாங்கள்தான் தந்தனாங்கள். இப்ப திருப்பிக் கேக்கிறம்."

"திருப்பித் தந்தா என்ன நடக்கும்? பிறகும் கதிரை எறிவியள்."

"எறிஞ்சா எறியட்டும். எங்கட கதிரைதானே."

அவர் முகம் சிவந்தது. நான் கோப்பைத் தட்டைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில், "கேக்கிறதெண்டா முறையாக் கேளும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் விசிலை ஊதினார்.

வாசலில் நின்ற மூன்று சனிக்கிழமை

யாப்பில் ஒரு விதி இருந்தது. உறுப்பினரில் ஐந்தில் ஒரு பங்கினர் கையெழுத்து வைத்துக் கேட்டால் பொதுக்கூட்டம் கூட்டியே ஆகவேண்டும். மூன்று சனிக்கிழமை வாசலில் கடதாசியோடு நின்றேன்.

"ஏனக்கா, இப்ப எல்லாம் ஒழுங்காத்தானே நடக்குது?" என்பார்கள். ஒழுங்காகத்தான் நடந்தது. ஒழுங்காக நடப்பது போதுமா என்று கேட்டால், "உங்களுக்கு வேற வேலையில்லை" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டிலும் சண்டை. என் கணவர் யாரையும் மனம் நோகப் பேசாதவர். பஸ் சாரதிக்கும் கடைக்காரருக்கும் இரண்டு தரம் நன்றி சொல்பவர். "மனுசன் சம்பளமில்லாம நிண்டு பாடுபடுறார். உமக்கு என்ன கரைச்சல்? உம்மட பேரைப் பார்த்தாலே சனம் ஓடப்போகுது" என்றார். கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார். மூன்று கிழமை எங்கள் வீட்டில் சோறு கறிக்கு மேல் பேச்சில்லை.

முதல் கையெழுத்து யார் வைத்தது தெரியுமா? தபால் கந்தோர் சிவம். இரண்டாவது பெற்றோல் நிலையத்து நாதன், சிவத்தின் பெயருக்கு நேர் கீழே. எனக்கே நம்ப முடியவில்லை. அந்தக் கடிதக் கதை இருவர் காதுக்கும் எட்டியிருந்தது. "டீச்சரைக் கடிதம் குடுத்துக் கலைச்சுவிடப் பாக்கிறதோ? நாங்கள் ஆளையாள் மூஞ்சிக்கு நேரதான் ஏசினனாங்கள்" என்றார் நாதன். பிறகு இருவருமாக வீடு வீடாகப் போனார்கள்.

மேஜரிடம் கடதாசியைக் கொடுத்தேன். கையெழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுச் சரிபார்த்தார். திகதி குறித்தார். தானும் நிற்கப் போவதாகச் சொன்னார். எதிரே பரமேஸ்வரி டீச்சர். முன்மொழிந்தது சிவம், வழிமொழிந்தது நாதன். ஒரு மலேசியப் பெண்ணைத் தலைவராக்க ஊர்ப் பள்ளிக்கூடம் இரண்டும் சேர்ந்து நின்றது அன்றைக்குத்தான். டீச்சர் ஒரு தரம்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. "சரி, நிக்கறேன்" என்றார்.

எண்ணுவதற்கு ஒரு பொதுவான ஆள் வேண்டும் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு உடம்பு கூசியது. யோசித்துப் பார்த்து ஃபோலாவைக் கேட்டேன். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று அவளை யாரும் கேட்க முடியாது. இடியப்பப் பெட்டியை மூடிக்கொண்டு போனதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். "வருகிறேன். ஆனால் எண்ணின பிறகும் செல்லாது என்று சொல்லலாம், அதை மறந்துவிடாதே" என்றாள்.

ஒரு சீட்டு

மறுபடி மண்டபத்துக்கு வருவோம்.

ஃபோலா சீட்டுகளை இரண்டு அடுக்காக வைத்துக்கொண்டு வந்தாள். பெயர்களை ஆங்கிலத்தில் அடித்திருந்தேன், நேரே ஒரு சரி போட்டால் போதும். இரண்டு அடுக்கும் அக்கா தங்கை மாதிரிச் சேர்ந்தே உயர்ந்தன. மேஜர் முன்வரிசையில் நிமிர்ந்து இருந்தார். டீச்சர் பின்னால் நின்று யாருடைய குழந்தையையோ தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

இன்னும் மூன்று சீட்டு இருந்தபோது இரண்டு பேருக்கும் சரிசமன். அடுத்தது மேஜருக்கு. கடைசி இரண்டு சீட்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்தன. ஒன்று டீச்சருக்கு. மறுபடி சமன். மற்றதை விரித்த ஃபோலா நெற்றியைச் சுருக்கினாள். சரி டீச்சருக்கு நேரேதான் இருந்தது, ஆனால் அடியில் தமிழில் ஏதோ எழுதியிருந்தது. என்னைக் கூப்பிட்டாள். "இது என்ன?"

வாங்கிப் பார்த்தேன். "மேஜர் அவர்களுக்கு எமது மனமார்ந்த நன்றி."

வாக்குச் சீட்டில் நன்றி எழுதும் சனத்தை உலகத்தில் வேறெங்கும் காட்ட முடியாது. ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கிக்கொண்டே அவருக்கு மரியாதை குறையக்கூடாதென்று கவலைப்படும் சனம். எழுத்தைப் பார்த்தேன். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. வாலை நீட்டி, மேலே வளைத்துச் சுருட்டிய "ன". அந்த "ன"வை நான் காதல் கடிதம் தொடங்கிக் கறிச்சாமான் பட்டியல் வரை பார்த்திருக்கிறேன். என் கணவர் ஜன்னலுக்கு வெளியே மழையை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

பின்வரிசையில் மேஜரின் ஆதரவாளர் ஒருவர் எழுந்தார். "எழுத்து இருந்தா அது பழுதான வாக்கு. செல்லாது."

உடனே இரைச்சல். அந்தச் சீட்டு செல்லாதென்றால் இருவரும் சமன். சமன் என்றால் பதவியில் இருக்கும் தலைவருக்கு மேலதிக வாக்கு என்பது யாப்பு. மேஜர் தனக்கே போட்டுக்கொள்ளலாம். அதில் பிழை சொல்லவும் ஏலாது. ஒரு கதிரை தரையில் இழுபட்ட சத்தம் கேட்டது. ஃபோலா மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் கண்ணில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும்.

மேஜர் எழுந்து வந்தார். கையை நீட்டினார். ஃபோலா தயங்கித் தயங்கிச் சீட்டைக் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். ஒரு வரிதான். அதைப் படிக்க அவர் எடுத்த நேரத்தில் ஒரு கடிதமே படித்திருக்கலாம்.

"பேர் போட்டிருக்கோ?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை."

"ஆரெண்டு தெரியாட்டி இரகசியம் கெடேல்ல." பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இது செல்லும்."

ஃபோலாவுக்கு விளங்கவேண்டுமென்று அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். சீட்டை டீச்சரின் அடுக்கின் மேல் தன் கையாலேயே வைத்து, ஓரங்களை நேராக்கினார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு டீச்சரிடம் நடந்துபோனார். டீச்சரின் தோளில் குழந்தை நித்திரை. அதனால் கை கொடுக்காமல் தலையை மட்டும் தாழ்த்தினார்.

அந்த நிமிடம் எனக்கு வந்த பெருமையை எப்படிச் சொல்வது? என் கணவரை நினைத்துப் பெருமை. சிவத்தையும் நாதனையும் நினைத்துப் பெருமை. எல்லாரையும்விட மேஜரை நினைத்துப் பெருமை. எத்தனையோ நாடுகளில் நட்சத்திரம் குத்திய தலைவர்கள் சொல்ல மறுத்த ஒரு சொல்லை, கோலியர்ஸ் வுட்டில் எங்கள் மனிதர் ஒருவர் சொன்னார். நாங்கள் கேட்டோம், அவர் கொடுத்தார். சின்னப் பள்ளிக்கூடம்தான். இருக்கட்டுமே.

மழை விட்டிருந்தது. மேஜரின் பழைய கார் வழக்கம்போல் கிளம்ப மறுத்தது. உள்ளே மேஜரும் மனைவியும் இருக்க, பின்னால் நின்று தள்ளினார்கள். சிவம், நாதன், சட்டைக் கையை மடித்துவிட்டு என் கணவர். எல்லாரும் அவருக்கு எதிராக வாக்குப் போட்டவர்கள்.

ஃபோலா கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் என்னோடு நின்று பார்த்தாள்.

"இப்போது அவர் என்ன செய்வார்?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குப் போவார்."

"பிறகு?"

"சாப்பிடுவார். சனிக்கிழமை அவர்கள் வீட்டில் ஆட்டுக்கறி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கார் இருமிக்கொண்டு கிளம்பியது. நேரமாகிறது, உள்ளே வா, தேநீர் ஆறுகிறது என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை.

"கொஞ்சம் பொறு. தோற்றவர் வீட்டுக்குப் போவதை நான் இதுவரை பார்த்ததில்லை" என்றாள். கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.